கடலைக் காக்கப் போகிறவர் ஏன் கட்டணம் கட்ட வேண்டும்?

பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்டிபிஎம் தேர்வு முடித்த பிள்ளையோ, பினாங்கின் யுஎஸ்எம் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளையோ ஒருநாள் கைப்பேசியை நீட்டி, "இந்தோனேசியாவுல நாலு வாரம், கடல் பாதுகாப்பு இன்டர்ன்ஷிப்பும்மா" என்கிறது. படத்தில் நீலத் தண்ணீர், ஓர் ஆமை, சிரித்த முகங்கள். கீழே கட்டணம், பவுண்டிலோ டாலரிலோ. பட்டர்வொர்த்திலோ பாயான் பாருவிலோ இருக்கும் அப்பா கேட்கிற முதல் கேள்வி: "வேலை செய்யப் போறவன் எதுக்குக் காசு கட்டணும்?"

கேள்வியில் தப்பே இல்லை. வெளிநாட்டு வேலை என்று நம்பிப் போய் கம்போடியாவிலும் மியன்மாரிலும் மோசடிக் கும்பல்களிடம் சிக்கிய மலேசிய இளைஞர்களைப் பற்றிச் சில ஆண்டுகளாகப் படித்துவருகிறோம். பயம் வரத்தான் செய்யும். ஆனால் அந்தக் கும்பல்கள் பெரிய சம்பளத்தைக் காட்டி இழுத்தன. இங்கே நிலைமை தலைகீழ்: சம்பளம் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டுக் காசு கேட்கிறார்கள். காசு கேட்பதை மட்டும் வைத்து இதை மோசடி என்று ஒதுக்க முடியாது. இணையப் பக்கம் அழகாக இருப்பதை வைத்து நல்ல அமைப்பு என்று நம்பவும் முடியாது. வேறு ஓர் அளவுகோல் இருக்கிறது: பிள்ளை அங்கே கடலில் மீனையும் பவளத்தையும் எண்ணி எழுதிய எண்கள், அவன் பினாங்கு திரும்பிய பிறகு யார் கைக்குப் போகின்றன? அதை ஏன் கேட்க வேண்டும் என்று புரிய, அடிப்படையிலிருந்து வருவோம்.

பெயரிலேயே குழப்பம்

ஒரே படகில் மூன்று வகை ஆட்கள் இருப்பார்கள்.

1. ஊழியர். சம்பளம் உண்டு, வேலை அனுமதி உண்டு. பெரும்பாலும் கடல் உயிரியலாளர், முக்குளிப்பு (ஸ்கூபா டைவிங்) பயிற்றுநர், படகோட்டி.

2. இன்டர்ன், அதாவது பயிற்சி மாணவர். கற்றுக்கொள்வதற்காகப் போகிறவர். அவருக்கென்று ஒரு மேற்பார்வையாளர் இருக்க வேண்டும். முடிவில் ஓர் அறிக்கையோ மதிப்பீடோ இருக்க வேண்டும்.

3. தன்னார்வலர். உழைப்பைக் கொடுக்கிறவர். மதிப்பீடு கிடையாது, ஒரு வாரத்தில் கிளம்பினாலும் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

சந்தையில் விற்கப்படும் திட்டங்களில் பல, உண்மையில் மூன்றாவது வகை. அதற்கு இரண்டாவது வகையின் பெயரைச் சூட்டினால் பெற்றோர் காதுக்கு இனிக்கிறது, அவ்வளவுதான். விளம்பரத்தில் 'இன்டர்ன்' என்று இருந்தால் கேட்க வேண்டியது: மேற்பார்வையாளர் யார், அவர் என்ன படித்தவர், கடைசியில் என்ன எழுதித் தர வேண்டும்?

கட்டிய காசு எங்கே போகிறது

கணக்குக்காக நான்கு வாரத்துக்கு 8,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். இது நானே எடுத்துக்கொண்ட எண். எந்த நிறுவனத்தின் விலையும் இல்லை. இந்தப் பணம் தங்கும் அறை, சாப்பாடு, படகு எரிபொருள், காற்று உருளைகளை நிரப்பும் இயந்திரம், முக்குளிப்பு உடை வாடகை, பயிற்றுநரின் சம்பளம் என்று பிரியும். தீவில் எல்லாமே படகில் வந்து சேர வேண்டும். அரிசி மூட்டைகூட. முக்குளிப்பே தெரியாத ஒருவரை வேலைக்குத் தகுந்தவராக ஆக்குவதற்கு ஆகும் செலவை, அவர் நான்கு வாரத்தில் உழைத்துத் திருப்பிக் கொடுக்க முடியாது. ஆகவே கட்டணம் என்பது பாதி பயிற்சிக் கட்டணம், பாதி சாப்பாட்டுச் செலவு. அப்பாவின் கேள்விக்கு நேர்மையான பதில் இதுதான்.

சிக்கல் வேறு இடத்தில். பல திட்டங்களில் நீங்கள் பணம் கட்டுவது தீவில் இருக்கும் அமைப்புக்கு இல்லை. லண்டனிலோ வேறு எங்கோ இருக்கும் இடைநிலை நிறுவனத்துக்கு. அது ஆள் பிடித்துக் கொடுத்ததற்கான பங்கை எடுத்துக்கொண்டு மீதியை அனுப்புகிறது. "நான் கட்டுவதில் எத்தனை விழுக்காடு தீவில் வேலை நடக்கும் தளத்துக்குப் போகிறது?" என்று மின்னஞ்சலில் கேளுங்கள். எண்ணாகப் பதில் வந்தால் நல்லது. "உங்கள் பங்களிப்பு மாற்றத்தை உருவாக்குகிறது" என்ற மாதிரிப் பதில் வந்தால், அந்தப் பதிலே போதும்.

இன்னொன்றையும் சேர்த்து யோசிக்க வேண்டும். வருகிறவர்களின் கட்டணத்தை நம்பியே நடக்கும் அமைப்பு, 2020ல் எல்லைகள் மூடியதும் தவித்துப் போனது. காசு கொடுப்பவருக்குப் பிடித்த வேலையைத்தான் அது நாளடைவில் அதிகம் வைத்துக்கொள்ளும். ஆமைக் குஞ்சைக் கையில் ஏந்துவது எல்லாருக்கும் பிடிக்கும். மீனவக் கம்பத்தில், அதாவது கிராமத்தில், உட்கார்ந்து வலைக் கண்ணின் அளவைப் பற்றிப் பேசுவது யாருக்கும் படத்தில் அழகாக வராது. கடலுக்கு எது அதிகம் தேவை என்பது வேறு கணக்கு.

நூறு மீட்டர் நாடாவும் ஓர் இரும்பு நட்டும்

கடலுக்கு அடியில் போய் இவர்கள் என்னதான் செய்கிறார்கள்? மிகப் பரவலான வேலை, பவளப்பாறைக் கணக்கெடுப்பு. ரீஃப் செக் என்ற முறை 1997லிருந்து உலகம் முழுக்கப் பயன்படுகிறது. மலேசியாவில் ரீஃப் செக் மலேசியா என்ற அமைப்பு 2007லிருந்து இயங்கி, ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடுகிறது. முறை இப்படி:

பாறையின் மேல் 100 மீட்டர் அளவு நாடாவை விரிக்கிறார்கள். அதில் 20 மீட்டர் துண்டுகள் நான்கு. ஒவ்வொன்றுக்கும் நடுவே 5 மீட்டர் இடைவெளி. முதலில் மீன் எண்ணுகிறவர் போவார், ஏனென்றால் பின்னால் வருகிறவர்கள் கலைத்துவிடுவார்கள். நாடாவின் இரு பக்கமும் சேர்த்து 5 மீட்டர் அகலத்தில், குறிப்பிட்ட சில மீன்களை மட்டும் எண்ண வேண்டும்: வண்ணத்துப்பூச்சி மீன், கிளிமீன், நாம் பாசாரில் கெராப்பு என்று வாங்கும் மீன், இக்கான் மேரா வகைகள். இவை ஏன்? பிடித்து விற்க ஆசைப்படும் மீன்கள் குறைந்திருந்தால், அங்கே மீன்பிடிப்பு மிஞ்சிவிட்டது என்று பொருள். அடுத்தவர் கடல் அட்டை, ராட்சதச் சிப்பி, கடல் முள்ளெலி போன்றவற்றை எண்ணுகிறார்.

கடைசியாகத் தரையை எழுதுகிறவர். அவர் கையில் ஒரு நூல், நூல் முனையில் ஓர் இரும்பு நட்டு. நாடாவில் ஒவ்வோர் அரை மீட்டர் குறியிலும் நட்டைத் தொங்கவிட்டு, அது எதைத் தொடுகிறதோ அதைப் பலகையில் பென்சிலால் எழுதுகிறார். உயிருள்ள கடின பவளமா, மென்பவளமா, பாசியா, மணலா, உடைந்த துண்டா. 20 மீட்டருக்கு 40 புள்ளிகள், மொத்தம் 160. கேட்க எளிது. அலை உடம்பை ஆட்டும்போது, நட்டு பவளத்துக்கும் பாசிக்கும் நடுவே ஊசலாடும்போது, எதை எழுதுவது? வெள்ளையாகத் தெரிவது வெளுத்துப்போன, ஆனால் இன்னும் உயிரோடு இருக்கும் பவளமா, அண்மையில் செத்ததா? உடைந்த துண்டு 15 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் அது 'பாறை', கீழே இருந்தால் 'சிதைவு'. இதையெல்லாம் தண்ணீருக்கு அடியில், மிதப்பைச் சமாளித்துக்கொண்டு, கால் துடுப்பு பவளத்தில் பட்டுவிடாமல் முடிவு செய்ய வேண்டும்.

அதனால்தான் நல்ல தளத்தில் முதல் ஒன்றிரண்டு வாரம் கடலில் வேலை எதுவும் தரமாட்டார்கள். மிதப்புப் பயிற்சி, மீன் அடையாளம், தேர்வு. தேர்வில் தேறாதவரின் எண்கள் தரவில் சேராது. காரணம் இதுதான்: ஒரே இடத்தைப் பத்து ஆண்டு எண்ணினால்தான் அது தேய்கிறதா தேறுகிறதா என்று தெரியும். நடுவில் ஓர் ஆண்டு, கிளிமீனையும் வேறு மீனையும் குழப்பும் ஒருவர் எண்ணியிருந்தால் வரைகோடு திடீரென்று எகிறும். ஆள் மாறியதைக் கடல் மாறியதாக யாரோ படித்து, அதன்மேல் ஒரு முடிவும் எடுத்துவிடக்கூடும்.

எத்தனை வாரம் போதும்

மேலே சொன்னதை வைத்துக் கணக்குப் போடுங்கள். முக்குளிப்புச் சான்றிதழ் இல்லாதவருக்கு அதற்கே சில நாள். பிறகு மேல்நிலைப் பயிற்சி, ஏனென்றால் முதல் சான்றிதழின் எல்லை 18 மீட்டர். அப்புறம் மீன் அடையாளம். நான்கு வாரத் திட்டத்தில் உண்மையான கணக்கெடுப்புக்குக் கிடைப்பது ஒரு வாரமோ பத்து நாளோ. இரண்டு வாரத் திட்டம் என்றால், நேராகச் சொல்வதானால், அது கற்றுக்கொள்ளும் சுற்றுலா. அதில் கேவலம் ஒன்றுமில்லை, 'ஆராய்ச்சி' என்று பெயர் வைக்காதவரை.

விதிவிலக்கும் இருக்கிறது. திமிங்கலச் சுறாவின் உடலில் உள்ள புள்ளிகள் மனிதக் கைரேகை மாதிரி; ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. செவுளுக்குப் பின்னால், பக்கவாட்டில் தெளிவாக எடுத்த ஒரு படம் இருந்தால், அந்தச் சுறாவை முன்பு யார் எங்கே பார்த்தார்கள் என்று கணினி தேடிவிடும். அதற்குப் பயன்படும் கணக்கு முறை, வானியலாளர்கள் நட்சத்திரக் கூட்டங்களை ஒப்பிட உருவாக்கியது! கடலாமைகளையும் கன்னத்துச் செதில்களின் அமைப்பை வைத்து இப்படி அடையாளம் காண்கிறார்கள். இங்கே ஒருநாள் வந்தவரின் படமும் பத்தாண்டு அனுபவசாலியின் படமும் ஒன்றுதான். குறுகிய காலம் மட்டுமே இருக்கிறவர்கள் இந்த வகைத் திட்டங்களைத் தேடலாம்.

ஆமை விஷயத்தில் நல்ல மனசு மட்டும் போதாது

தவறு செய்தால் அதிகம் பாதிக்கப்படுவது ஆமை. நம் நாட்டுக் கதையே இதற்குப் பாடம். திரங்கானுவின் ரந்தாவ் அபாங்கில் 1950களில் ஏழுவரி ஆமைகள் ஆண்டுக்குப் பத்தாயிரம் கூடுகள் அளவுக்கு முட்டையிட்டன. இன்று அநேகமாக ஒன்றும் இல்லை. பல பத்தாண்டுகள் முட்டைகளை எடுத்து விற்றதும் மீன்பிடி வலைகளும் பெரிய காரணங்கள். ஆனால் காப்பாற்றப் போனவர்களும் ஒன்றைத் தெரியாமல் செய்தார்கள். ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு தீர்மானிக்கிறது. சுமார் 29 பாகைக்கு மேலே போகப் போகப் பெண் கூடும். வெயிலில் அமைந்த பொரிப்பகங்களிலிருந்து பெரும்பாலும் பெண் குஞ்சுகளே வெளிவந்தன என்பது பின்னால்தான் தெரிந்தது.

முட்டை விஷயமும் அப்படியே. இட்ட சில மணி நேரத்தில் கரு, ஓட்டின் மேற்புற உட்பக்கத்தில் ஒட்டிக்கொள்கிறது. அதற்குப் பிறகு முட்டையைப் புரட்டினால் கரு செத்துவிடும். இரவில் நடக்கும்போது கூட்டைக் கண்டுபிடித்தால், முட்டைகளை உடனே, எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதே பக்கமாக எடுத்து, புதுக் குழியில் அதே ஆழத்தில் வைக்க வேண்டும். காலையில் எழுந்து சாவகாசமாகச் செய்யும் வேலை இல்லை இது.

ஆகவே ஆமைத் திட்டங்களில் இவற்றைப் பாருங்கள்:

1. குஞ்சுகளைத் தொட்டியில் நாள்கணக்கில் வைத்திருக்கிறார்களா? பொரித்து மேலே வந்ததும் குஞ்சுக்கு ஒரு வேகம் இருக்கும். உடம்பில் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவின் சத்தில் ஆழ்கடல் வரை நிற்காமல் நீந்தும். தொட்டியில் சுற்றிச் சுற்றி நீந்தியே அந்தச் சத்தைச் செலவழித்தால், கடலில் விடும்போது என்ன மிஞ்சும்?

2. பகலில், ஆள் கூடிய பிறகு, காசு வாங்கிக்கொண்டு விடுகிறார்களா? வெளிச்சத்தில் பறவையும் மீனும் காத்திருக்கும்.

3. முட்டையிடும் தாய் ஆமை மீது வெள்ளை விளக்கு அடிக்கிறார்களா, முன்னால் போய்ப் படம் எடுக்க விடுகிறார்களா? மிரண்டால் முட்டையிடாமலே திரும்பிவிடும்.

முதல் இரண்டில் ஒன்றுக்கு 'ஆம்' வந்தாலே நான் அந்தத் திட்டத்தை மறந்துவிடச் சொல்வேன்.

பவளம் நடுவது

உடைந்த பவளத் துண்டைக் கம்பிச் சட்டத்தில் கட்டி வளர்ப்பது இப்போது எல்லாத் திட்டங்களிலும் இருக்கிறது. மரம் நடுவது போல் மனதுக்கு நிறைவு. ஆனால் அங்கே பவளம் ஏன் செத்தது என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் நட்டால், புதியதும் அதே காரணத்தால் சாகும். கழிவுநீர் நிற்கவில்லை என்றால் சட்டம் பாசி பிடிக்கும். கடல் சூடு தாங்காமல் பவளங்கள் உலகளவில் வெளுக்கும் நிகழ்வு நான்காவது முறையாக நடப்பதாக 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. அந்தச் சூடு நட்டதையும் விடாது, தானாக வளர்ந்ததையும் விடாது. உலகின் பவள மீட்புத் திட்டங்களைத் தொகுத்து 2020ல் வெளிவந்த ஓர் ஆய்வு, அவற்றில் 60 விழுக்காடு 18 மாதத்துக்கும் குறைவாகவே கண்காணிக்கப்பட்டதாகக் காட்டியது. "மூன்று ஆண்டுக்கு முன் நட்டதில் எத்தனை உயிரோடு இருக்கிறது?" இந்தக் கேள்விக்கு எண் இருக்கிற அமைப்பு, உண்மையாக வேலை செய்கிற அமைப்பு.

விசா, காப்புறுதி, நீச்சல்

மலேசியக் கடப்பிதழுக்குப் பல ஆசியான் நாடுகளில் விசா வேண்டாம். அது சுற்றிப் பார்க்க. சம்பளம் வாங்காவிட்டாலும் தன்னார்வ வேலைக்குத் தனி அனுமதி கேட்கும் நாடுகள் உண்டு. தாய்லாந்து அப்படிக் கண்டிப்பானது. இந்தோனேசியாவில் வெளிநாட்டவர் ஆராய்ச்சி செய்யத் தனி அனுமதி வேண்டும். "சுற்றுலாவுக்கு வந்தேன்னு சொல்லிடு, ஒண்ணும் கேட்கமாட்டாங்க" என்று ஒருங்கிணைப்பாளர் சொன்னால், மாட்டிக்கொள்ளப் போவது அவர் இல்லை. எந்த விசா என்று எழுத்தில் வாங்குங்கள், பிறகு அந்த நாட்டுத் தூதரகத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள்.

காப்புறுதியில் ஒரே ஒரு வரியைத் தேடுங்கள்: முக்குளிப்பு சேர்ந்திருக்கிறதா, எத்தனை மீட்டர் வரை? சாதாரணப் பயணக் காப்புறுதி இதை விலக்கியிருக்கலாம். முக்குளிப்பால் வரும் அழுத்த நோய் வந்தால் உயர் அழுத்த அறை உள்ள மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். தீவில் அது இருக்காது. ஆஸ்துமா இருக்கிறவர்கள் டாக்டரின் கையெழுத்து இல்லாமல் பயிற்சியில் சேர முடியாது. பணம் கட்டுவதற்கு முன் டாக்டரைப் பாருங்கள், பின்னால் இல்லை. கடைசி முக்குளிப்புக்குப் பிறகு குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது என்பதால் திரும்பும் டிக்கெட்டையும் யோசித்து எடுக்க வேண்டும்.

நீச்சல். அடிப்படைச் சான்றிதழுக்கே 200 மீட்டர் நீந்தவும் பத்து நிமிடம் மிதக்கவும் வேண்டும். நாலு பக்கமும் கடல் சூழ்ந்த பினாங்குத் தீவில் பிறந்தும் நம் வீடுகளில் நீந்தத் தெரியாத பிள்ளைகள் எத்தனை பேர்! இதற்கு நான்கு மாதம் முன்பே நீச்சல் குளத்துக்குப் போக ஆரம்பிக்க வேண்டும்.

நினைவுப் பொருளாகச் சிப்பியோ பவளத் துண்டோ பையில் போட்டு வரவேண்டாம். கடின பவளங்களும் ராட்சதச் சிப்பியும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் இருப்பவை; சுங்கத்தில் பிடித்தால், கடலைக் காக்கப் போனேன் என்ற விளக்கம் எடுபடாது.

படிப்பில் சேருமா

தொழில்துறைப் பயிற்சியாகக் கணக்கில் சேர வேண்டுமானால், பல்கலைக்கழகத் துறை முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும். போய்வந்த பிறகு சான்றிதழை நீட்டினால் பெரும்பாலும் கைவிரித்துவிடுவார்கள். எத்தனை வாரம், மேற்பார்வையாளர் யார், பதிவேட்டில் யார் கையெழுத்துப் போடுவது என்று துறையிடம் கேட்டு, அதைத் தளத்துக்கு அனுப்பிச் சம்மதம் வாங்கிய பிறகு முன்பணம் கட்டலாம். ஊழியர் சேமநிதியான இபிஎஃப்பின் ஃப்ளெக்ஸிபள் கணக்கிலிருந்து பணம் எடுக்க 2024 மே மாதத்திலிருந்து வழி இருப்பதால் சில பெற்றோர் அதில் கைவைக்க யோசிக்கிறார்கள். துறையின் பதில் கையில் வரும் வரை அந்தப் பணம் அங்கேயே இருக்கட்டும்.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது சான்றிதழைவிடப் பேசுவது வேறு: எத்தனை முக்குளிப்பு என்ற பதிவேடு, மீன் அடையாளத் தேர்வின் மதிப்பெண், பெயர் இடம்பெற்ற ஓர் அறிக்கை. கட்டுரையின் தொடக்கத்தில் கேட்ட கேள்வி இங்கேதான் காசாகிறது. எண்கள் அரசின் மீன்வளத் துறைக்கோ பல்கலைக்கழகத்துக்கோ பொது அறிக்கைக்கோ போகும் தளத்தில், அந்த அறிக்கையைப் பிள்ளை எடுத்துக் காட்ட முடியும். எண்கள் ஒரு மடிக்கணினியிலேயே தூங்கும் தளத்தில், காட்ட ஒன்றும் இருக்காது.

முதலில் பக்கத்திலேயே

வெளிநாட்டுக்குப் போகும் முன், இது நமக்கு ஒத்துவருமா என்று இங்கேயே பார்த்துவிடலாம். பினாங்கு தேசியப் பூங்காவின் பந்தாய் கெராச்சுட்டில் ஆமைப் பாதுகாப்பு மையம் இருக்கிறது. தெலுக் பஹாங்கிலிருந்து படகிலும் போகலாம், காட்டு வழியாக நடந்தும் போகலாம். யுஎஸ்எம்மின் கடல் ஆய்வு மையமும் அந்தப் பக்கம்தான். ரெடாங் தீவின் சாகார் ஹுத்தாங்கில் மலேசியா திரங்கானு பல்கலைக்கழகத்தின் ஆமை ஆராய்ச்சிப் பிரிவு, வாரக் கணக்கில் தன்னார்வலர்களைச் சேர்க்கிறது; அதற்கும் கட்டணம் உண்டு. கிழக்குக் கரை மழைக்காலத்தில் மூடிவிடும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு விடுமுறையைத் திட்டமிட வேண்டும்.

வெளிநாடுதான் வேண்டும் என்றால் நமக்கு மொழி தெரிந்த ஓர் இடமும் இருக்கிறது. சென்னையில் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988லிருந்து இயங்குகிறது. ஜனவரி முதல் மார்ச் வரை வார இறுதி இரவுகளில், நீலாங்கரைப் பக்கத்திலிருந்து பெசன்ட் நகர் வரை கடற்கரையோரம் பொதுமக்களையும் கூட்டிக்கொண்டு நடக்கிறார்கள். தேடுவது, மீனவர்கள் பங்குனி ஆமை என்று அழைக்கும் ஆமையின் கூடுகளை. மீனவர் சொல்வதை மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் நேரடியாகக் கேட்கலாம். இந்தியச் சட்டத்தில் கடலாமைகள் அனைத்தும் உச்சப் பாதுகாப்புப் பட்டியலில் இருப்பதால், அனுமதி உள்ளவர்கள் தவிர யாரும் ஆமையையோ முட்டையையோ தொடக்கூடாது. பொங்கலுக்குத் தமிழ்நாடு போகிற குடும்பங்கள் ஓர் இரவை இதற்கு ஒதுக்கலாம். நடை நள்ளிரவைத் தாண்டி நீளும். ஆமை வராமலும் போகலாம்.